நடுவில் விட்டுப்போச்சா? மறுபடி தொடங்கலாம்



நான்காம் மாதம் துணை சுகாதார நிலையத்திற்குப் போன இடத்தில், நர்ஸம்மா விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்து, “ஒன்பதுதாம்மா இருக்கு, பதினொன்றாவது இருக்கணும்” என்று சொல்லியிருப்பார். மறுநாளே வீட்டில் ஒரு சுறுசுறுப்பு வந்திருக்கும். கொல்லை முருங்கையில் கீரை ஒடித்தாகிவிட்டது. கேழ்வரகு அரைத்து வந்தாகிவிட்டது. சிவப்பு மாத்திரை அட்டை அடுப்படி மாடத்தில் இடம் பிடித்தாகிவிட்டது. பதினைந்து நாள், இருபது நாள் ஒழுங்காக நடந்திருக்கும். அப்புறம் நாத்தனார் வீட்டுக் கல்யாணம் வந்திருக்கும், அல்லது நடவு வந்திருக்கும், அல்லது காய்ச்சல் வந்து படுத்திருப்பீர்கள். கீரை நின்றது. மாத்திரை நின்றது. ஒரு வாரம் இரண்டு வாரமாயிற்று. “எல்லாம் கெட்டுப்போச்சு, இனிமே என்னத்த!” என்று மனம் சலித்துக்கொள்கிறது.

அந்த ‘இனிமே என்னத்த’ என்கிற சலிப்பைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். மாத்திரையை விட்ட பதினைந்து நாள் செய்கிற கெடுதலைக் காட்டிலும், அதைச் சாக்காக வைத்து விடுகிற மூன்று மாதம் செய்கிற கெடுதல் பெரிது.

முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். நம் உடம்பிலே ஓடுகிற சிவப்பணு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும். நீங்கள் ஒழுங்காகச் சாப்பிட்ட இருபது நாளில் ஊறிய நல்ல இரத்தம், கல்யாண வீட்டிலே நாலு நாள் தங்கியதால் வற்றிப் போய்விடாது. அது உள்ளேயே இருக்கின்றது. கர்ப்ப காலத்தில் 180 நாள் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். அதில் பதினைந்து நாள் தவறியிருந்தால் மீதி 165 நாள் உங்கள் கையில் இருக்கின்றது. அதையும் சேர்த்து விட்டால்தான் நட்டம். ஆகவே நின்றுபோன இடத்திலிருந்து நடந்தால் போதும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

விட்ட நாட்களுக்கும் சேர்த்து ஒரே நாளில் நாலைந்து மாத்திரை போட்டுக்கொள்ளக் கூடாது. வயிறு பிசையும், குமட்டும், பிறகு மாத்திரையைக் கண்டாலே வெறுத்துப் போகும். உங்களுக்கு நாளொன்றுக்கு ஒன்றா, இரண்டா என்பதை நர்ஸம்மா சொல்லியிருப்பார். இரத்தசோகை கண்ட கர்ப்பிணிக்குப் பொதுவாக இரண்டு. அதே அளவை இன்று முதல் எடுத்தால் போதும். காய்ச்சலில் நிறுத்தியிருந்தால், காய்ச்சல் விட்டபின் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிரசவத்தில் எல்லாத் தாய்மார்களுக்கும் கொஞ்சம் இரத்தம் போகத்தான் செய்யும். உடம்பில் இரத்தம் போதிய அளவு உள்ளவள் அதைத் தாங்கிக்கொள்வாள். சோகையோடு பிரசவ மேசைக்குப் போகிறவளுக்கு அதே அளவு போனாலும் உயிருக்கு ஆபத்தாகலாம். பிள்ளையும் எடை குறைந்து பிறக்கலாம், மாதம் நிறையாமலே பிறக்கலாம். 100 மில்லி இரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைந்தால் கர்ப்பிணிக்குச் சோகை என்று பொருள். 7 கிராமுக்குக் கீழே போனால் கடுமையான சோகை; அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது, ஆஸ்பத்திரிதான்.

நம் நாட்டில் இந்த மாத்திரையைக் கொடுக்கும் திட்டம் 1970-லேயே தொடங்கிவிட்டது. அப்படியிருந்தும் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் சோகை இருந்தது தெரிய வந்தது. வாங்கிப்போன மாத்திரை மாடத்திலேயே தங்கிவிடுவதும் இதற்கு ஒரு காரணம்.

ஏன் விட்டுப்போயிற்று?

திட்டுவதற்காக இதைக் கேட்கவில்லை. எதனாலே நின்றதோ அதைச் சரி பண்ணாமல் மறுபடி தொடங்கினால் மறுபடி அதே இடத்தில்தான் நிற்கும். அதனால்தான் கேட்கிறோம்.

“மாத்திரை போட்டா கறுப்பா போகுதுங்க, பயமா இருக்கு” என்று சொல்லி நிறுத்துகிற தாய்மார்கள் அதிகம். உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்சமுள்ள இரும்புச்சத்து மலத்தோடு போவதால் அந்த நிறம். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. மாத்திரை சாப்பிடாத நாளில் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, சிவப்பாக இரத்தம் கண்டாலோ மட்டும் டாக்டரிடம் காட்ட வேண்டும். குமட்டல் வந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகும்போது போட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். மலம் இறுகினால் தண்ணீர் கூடுதலாகக் குடியுங்கள். கீரையும் வாழைப்பழமும் சேருங்கள். இந்தத் தொல்லைகள் போகப் போகக் குறையும். குறையாவிட்டால் நீங்களாக நிறுத்தாமல் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள்.

“பிள்ளை பெரிசாகி பிரசவம் கஷ்டமாயிடும்” என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். இந்த மாத்திரை தாயின் இரத்தத்துக்கானது. இதனால் பிள்ளை பிரசவத்துக்கு இடைஞ்சலாகும் அளவுக்கு வளர்ந்துவிடாது.

நடவும் களையெடுப்பும் வந்தால் கதை வேறு. காலை ஐந்து மணிக்கு எழுந்து, சோறாக்கி, தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு வரப்பில் நடக்கிறவளிடம் “தினம் கீரை சமைத்துச் சாப்பிடு” என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கீரை வாங்கக் காசு வேண்டாம், கொல்லையில் இருக்கிறது. அதை ஆய்வதற்குத்தான் ஆள் இல்லை. முருங்கைக்கீரை ஒரு கட்டு ஆய அரைமணி நேரம் பிடிக்கும். ஐயா, அந்த அரைமணி நேரத்தை நீங்கள் கொடுக்கலாம். இரவில் டி.வி. பார்த்துக்கொண்டே ஆய்ந்து வைத்துவிட்டால் காலையில் பருப்போடு சேர்த்து ஒரே கொதி. வீட்டில் அத்தையோ மாமாவோ இருந்தால் அவர்களும் ஆய்ந்து தருவார்கள், கேட்டால்தானே! வேலை இல்லாத நாட்களில் கீரையை நிழலில் உலர்த்திப் பொடியாக்கி டப்பாவில் வைத்துக்கொண்டால், நடவுக் காலத்தில் சோற்றிலோ அடை மாவிலோ இரண்டு கரண்டி கலந்துகொள்ளலாம்.

திருவிழாவும் விரதமும் இன்னொரு காரணம். ஆடி மாதம் கூழ் ஊற்றுவது நல்ல வழக்கம். கேழ்வரகையும் கம்பையும் முதல்நாள் கரைத்துப் புளிக்கவைத்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும். ஆனால் வயிற்றில் பிள்ளையோடு நாள் முழுக்கப் பட்டினி கிடப்பது வேண்டாம். நேர்த்திக்கடனைப் பிரசவம் முடிந்தபின் செலுத்திக்கொள்கிறோம் என்று பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கணவருக்கு ஒரு கணக்கு

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் தந்த அளவின்படி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். பெண்ணுக்கு 29 மில்லிகிராம். மாதாமாதம் போகிற இரத்தத்தை அவள் ஈடுகட்ட வேண்டியிருப்பதால் இந்த வித்தியாசம். கர்ப்பிணிக்கு 27. இப்போது உங்கள் வீட்டுச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். கறியோ மீனோ ஆக்கினால் முதலில் யாருக்கு? பிள்ளைகளுக்கு, பிறகு உங்களுக்கு. கடைசியில் சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்புதான் அவளுக்கு. ஆக, அதிகம் தேவைப்படுகிறவளுக்குத்தான் குறைவாகக் கிடைக்கின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். இதற்குக் காசு செலவில்லை. அவள் தட்டில் துண்டு விழுந்ததா என்று பாருங்கள்.

மாத்திரை விஷயத்திலும் அப்படித்தான். “ஏம்மா, மாத்திரை போட்டியா?” “மறந்துட்டேங்க.” இந்த இடத்தில் “உனக்கு எப்பவும் இதே வேலை” என்று ஒரு வார்த்தை விழுந்தால், நாளைக்கு மறந்தாலும் “போட்டாச்சு” என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக ஒரு சொம்புத் தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக் கொடுங்கள். காலண்டரில் அன்றைய தேதியில் ஒரு கோடு போடுங்கள். கோடு இல்லாத நாட்கள் இருந்தால் இருக்கட்டும். அடுத்த தேதி காலியாகத்தானே இருக்கிறது!

இதையும் மறக்க வேண்டாம். அந்த மாத்திரை சிவப்பாக, மிட்டாய் போல இருக்கும். சிறு பிள்ளைகள் எடுத்து நாலைந்தை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டது தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

எதைச் சாப்பிடுவது?

மறுபடி தொடங்கும் அன்றைக்கே கேழ்வரகு, பேரீச்சை, முளைகட்டிய பயறு, ஆட்டுக்கறி என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து நிரப்ப வேண்டாம். அது மூன்று நாள் தாங்கும். அடுத்த வேளைச் சோற்றில் ஒரு கைப்பிடி கீரை, அதன்மேல் பாதி எலுமிச்சம்பழம். அவ்வளவுதான் முதல்நாள் வேலை. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இவற்றிலுள்ள வைட்டமின் சி, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பில் சேர்த்து வைக்கும். மாறாக, சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீத்தண்ணி அதைத் தடுத்துவிடும். வயலில் பத்து மணி டீயை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது. ஒன்று பகலில், ஒன்று இரவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கறி சாப்பிடும் குடும்பமானால் நல்லது. மாமிசத்திலுள்ள இரும்பு, கீரையிலுள்ளதை விட நன்றாக உடம்பில் ஒட்டும். ஆட்டுச் சுவரொட்டியைச் சோகைக்குக் கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். அதில் அர்த்தம் இருக்கிறது, இரும்பு நிறைய உள்ளது. நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். சைவக் குடும்பமானால் பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, எள்ளு, கம்பு இருக்கின்றன. ரேஷன் துவரம்பருப்பை விற்றுவிடாதீர்கள். பால்வாடியில் கர்ப்பிணிக்கென்று தரும் சத்துமாவைப் பிள்ளைகளுக்குப் பங்கு போடாமல் அவளே சாப்பிடட்டும்.

பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்று நம்பி வாங்குகிறார்கள். காய் என்ற முறையில் அது நல்லதுதான், ஆனால் அதில் இரும்பு குறைவு. கடன் வாங்கி மாதுளையும் பாட்டில் டானிக்கும் வாங்குவதும் தேவையில்லை. அதே சமயம், வெறும் கீரையால் மட்டும் ஒன்பதைப் பதினொன்றாக்குவோம் என்றும் இருந்துவிடாதீர்கள். சோகை வந்தபின் மாத்திரையும் வேண்டும், சாப்பாடும் வேண்டும்.

ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் ஏறக்குறைய 1 கிராம் ஏறும். ஆகையால் ஒரு வாரத்தில் “உடம்பு தேறலையே” என்று கைவிட வேண்டாம். மாதம் ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு மாதத்தில் 1 கிராம் கூட ஏறாவிட்டால் வேறு காரணம் இருக்கலாம். கொக்கிப்புழு இருக்கலாம், வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது அது பாதத்தின் வழியே ஏறி, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். அதற்கு ஒரே ஒரு மாத்திரை இருக்கிறது. எந்த மாதத்தில் கொடுப்பது என்பதை டாக்டர் சொல்வார். செருப்புப் போடுங்கள், கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் சோகை கடுமையானவர்களுக்கும் இரத்தக் குழாய் வழியே இரும்புச்சத்து ஏற்றும் மருந்து அரசு மருத்துவமனையில் உண்டு. நாலடி நடந்தால் மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது, முகமும் காலும் வீங்குவது, தலை சுற்றி விழுவது இவை இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். சாம்பல், மண், பச்சரிசி தின்ன ஆசை வருவதும் சோகையின் அடையாளமாக இருக்கலாம், வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகுதான் பல வீடுகளில் மறுபடியும் சறுக்குகிறது. பிள்ளை பிறந்ததும் எல்லார் கண்ணும் பிள்ளை மேல். தாய்க்குப் பத்தியம் என்று கீரையும் பழமும் நின்றுபோகின்றன. தண்ணீரைக் கூட அளந்து கொடுக்கிற வீடுகள் உண்டு. பால் கொடுக்கிறவளுக்கு இவை எல்லாமே வேண்டும். மாத்திரையும் பிரசவத்துக்குப் பின் இன்னும் 180 நாள் உண்டு. அடுத்த கர்ப்பத்துக்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டாவது இடைவெளி விடுங்கள். சோகையோடு இருந்தவளின் உடம்பு தேற அந்தக் காலம் வேண்டும். என்ன முறை ஏற்றது என்பதைக் கணவன் மனைவி இருவருமாகப் போய்க் கேளுங்கள். இரத்த அளவு எவ்வளவு என்பதையும் அப்போது சொல்லுங்கள். காப்பர்-டி போட்டபின் சிலருக்கு மாதவிலக்கு அதிகமாகப் போவதுண்டு, அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

மாத்திரை தீர்ந்துபோயிருந்தாலோ, மழையில் நனைந்து கெட்டுப்போயிருந்தாலோ, நடுவில் விட்டதைச் சொல்லத் தயங்கி ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருந்தாலோ, இந்த வாரம் உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் போய் வாருங்கள். எத்தனை நாள் விட்டீர்கள், எதனால் விட்டீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். அதைக் கேட்டுத்தான் நர்ஸம்மா அளவைச் சொல்வார். புது அட்டை இலவசமாகவே கிடைக்கும்.