குச்சி பிடிக்கும் கையைப் பாருங்கள்!

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் வளர்த்த பழைய ஜாஸ் இசையில் டிரம் கலைஞர்களுக்கு ஒரு துரதிர்ஷ்டம் உண்டு. அவர்களது திறமை இசைத்தட்டுகளில் சரிவரப் பதியவில்லை. 1925க்கு முன்பு ஒலிப்பதிவுக்கு மைக் கிடையாது; கூம்புக் குழாயின் முன் நின்றுதான் வாசிக்க வேண்டும். பெரிய டிரம் அதிர்ந்தால் பதிவு ஊசி துள்ளிவிடும். அதனால் 1923-ல் கிங் ஆலிவர் குழுவின் இசைத்தட்டுகளில் பேபி டாட்ஸ் பெரும்பாலும் மரக்கட்டையைத் தட்டியே தாளம் கொடுத்தார்.

அந்தத் தலைமுறையின் கைவேலையைக் கண்ணால் காட்டும் சாட்சி, சினிமாதான்.

ஸட்டி சிங்கிள்டன் 1898-ல் லூயிசியானா மாநிலத்தில் பிறந்தவர். மிசிசிப்பி நதியின் உல்லாசக் கப்பல்களில் வாசித்துக் கை பழகியவர். 1928-ல் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டுகளில் வாசித்துப் பெயர் பெற்றார். 1943-ல் வெளிவந்த 'ஸ்டார்மி வெதர்' படத்தில், ஃபேட்ஸ் வாலர் பியானோ வாசித்துப் பாட, டிரம் வாசிப்பவர் இவரே. 1947-ல் வந்த 'நியூ ஆர்லியன்ஸ்' படத்தில் ஆம்ஸ்ட்ராங் குழுவிலும் இவரைக் காணலாம்.

எதைக் கவனிப்பது?

முதலில் இடது கை. அக்காலக் கலைஞர்கள் வலது கையில் குச்சியை மேலிருந்து பிடிப்பார்கள். இடது கையிலோ, கட்டைவிரல் இடுக்கில் செருகி, உள்ளங்கை மேல்நோக்க ஏந்துவார்கள். இது ராணுவ அணிவகுப்பு தந்த வழக்கம். தோளில் தொங்கும் டிரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சாய்ந்த தோலில் அடிக்க இந்தப் பிடியே வசதி.

அடுத்தது 'பிரஸ் ரோல்'. குச்சியைத் தோலில் அழுத்தினால் அது தானாகவே பலமுறை துள்ளும். இரு கைகளும் மாறி மாறி அழுத்த, அடிகள் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே ஓசையாக நீளும். கம்பி பிரஷ்ஷால் தோலைத் தடவும் மென்மையான நாதமும் உண்டு. அதை முதலில் கையாண்டவர்களில் ஸட்டியும் ஒருவர்.

ஓர் எச்சரிக்கை. ஹாலிவுட்டில் பாட்டை முன்பே பதிந்துவிட்டு, பிறகு நடித்துப் படமெடுப்பதே வழக்கம். குச்சியும் ஓசையும் சில இடங்களில் ஒத்துப் போகாமலிருக்கலாம். எனவே ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்கள். மறுமுறை ஒலியை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் பாருங்கள்.

ஸட்டி 1975-ல் நியூயார்க்கில் காலமானார். இசைத்தட்டு விட்டுவிட்டதில் கொஞ்சத்தையாவது படச்சுருள் காப்பாற்றி வைத்திருக்கிறது.