பருத்தி எடுப்பைத் தள்ளிப்போட்டால் விலை போகும்

புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மானாவாரிப் பருத்தி மாசி, பங்குனியில் வெடித்து நிற்கும். சாத்தூர், சிவகாசி, விருதுநகர் பக்கம் அப்போதுதான் எடுப்புக்கு ஆள் கிடைக்காது. பட்டாசு ஆலையிலோ தீப்பெட்டி ஆலையிலோ வாராவாரம் கூலி வருகிறது. அங்கே போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால், ஆள் வந்ததும் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் காத்திருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வெடித்த காய் செடியிலேயே நின்றால் பனியிலும் தூசியிலும் பஞ்சு வெண்மை இழக்கும். ஒரு கோடை மழை விழுந்தால் கறை ஏறிவிடும். எனவே 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை எடுத்துவிடுங்கள். ஆலைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையை எடுப்பு நாளாக வையுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே குழுவை முன்கூட்டியே பேசி, வாரம் ஒரு காடாக முறை வைத்துக்கொள்ளலாம்.

காலை 10, 11 மணிக்குள் எடுப்பது நல்லது. அதுவரை காய்ந்த இலை பனி ஈரத்தில் பதமாக இருக்கும். வெயில் ஏறினால் நொறுங்கிப் பஞ்சில் ஒட்டும். காலையில் எடுத்த பருத்தியில் ஈரம் இருக்கும் என்பதால் நிழலில் பரப்பி உலர்த்துங்கள். நேர் வெயிலில் போட்டால் இழையின் பலமும் பளபளப்பும் குறையும். இந்தியப் பருத்திக் கழகம் கொள்முதல் செய்யும்போது ஈரப்பதம் 8 சதவீதத்தைத் தாண்டினால் விலையைக் குறைக்கும். 12 சதவீதத்துக்கு மேல் போனால் வாங்காது. தண்ணீர் தெளித்து எடை கூட்டும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதைக் கையில் அள்ளிப் பார்த்தாலே வியாபாரி கண்டுபிடித்துவிடுவார்.

எடுக்கும்போதே இரண்டு மடி வேண்டும்: ஒன்று நல்ல பருத்திக்கு, மற்றொன்று புழு தின்ற, கறை படிந்த கொட்டுப் பருத்திக்கு. வெறும் கிலோக் கணக்கில் கூலி கொடுத்தால் சருகும் எடையில் சேரும். சுத்தமாக எடுப்பவருக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது வீண் செலவு அல்ல.

உரச்சாக்கில் மட்டும் அடைக்காதீர்கள். அதிலிருந்து பிரியும் பிளாஸ்டிக் இழையை ஆலையில் முழுதாக நீக்க முடியாது. துணிக்குச் சாயம் ஏற்றும்போது அது சாயம் பிடிக்காமல் கோடாகத் தெரியும். தலைமுடி விழுந்தாலும் தொல்லைதான். ராஜபாளையம் நூற்பாலைகளும், பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டியும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அங்கே போகிற பஞ்சைத் துணிச்சாக்கில் கட்டுங்கள். எடுப்பவர்கள் தலையில் துணி கட்டிக்கொள்ளட்டும்.

கருங்கண்ணியும், ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எஸ்.வி.பி.ஆர். ரகமும் இரண்டுமே உங்கள் காட்டில் இருந்தால் தனித்தனியே வையுங்கள். கருங்கண்ணி குட்டை இழை. இரண்டும் ஒரே குவியலில் கலந்தால் மொத்தத்துக்கும் குட்டை இழை விலைதான் கேட்பார்கள்.