காணாப் பொருளுக்குப் பேரம்

தானம் கொடுத்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. விலையின்றிக் கிடைத்ததில் குறை காண்பது முறையன்று என்பது அதன் வெளிப்படைப் பொருள். அதனுள் வணிகநெறி ஒன்றும் அடங்கியுள்ளது. விலை கொடுத்து வாங்கும் மாட்டின் பல்லைப் பார்த்தே ஆகவேண்டும் என்பதே அது. பல்லின் எண்ணிக்கையும் தேய்மானமும் மாட்டின் வயதைக் காட்டும். வயது விலையைத் தீர்மானிக்கும். பிறரிடம் உழைத்த மாட்டை வாங்குவதும் பிறர் பயன்படுத்திய பொருளை வாங்குவதும் ஒரு தன்மையனவே. இன்று அத்தகைய சந்தை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. அங்கே பொருளின் படம் உண்டு; பிடித்துப் பார்க்கப் பல் இல்லை.

சாலையோரத்தின் புதிய சந்தை

செங்கல்பட்டு மாவட்டம் 2019ஆம் ஆண்டு காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் ஆகிய ஊர்களில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகியுள்ளன. காட்டாங்குளத்தூரில் கல்வி நிறுவனங்களும் மறைமலைநகரில் தொழிற்சாலைகளும் அமைந்துள்ளன. வேலைக்காகவும் படிப்புக்காகவும் வருவோர் பலர் வாடகை வீடுகளில் தங்குகின்றனர். பணி மாறினால் ஊரும் மாறுகின்றனர். கட்டிலையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் வேற்றூருக்கு ஏற்றிச் செல்லும் செலவு அவற்றின் மதிப்பை நெருங்கும்போது விற்பதே நலம் எனத் தோன்றுகிறது. புதிதாகக் குடிவருவோருக்கோ அதே பொருள்கள் குறைந்த விலையில் தேவைப்படுகின்றன. ஓஎல்எக்ஸ், குவிக்கர் முதலிய இணையத்தளங்கள் இவ்விரு சாராரையும் இணைக்கின்றன.

உறையிலிட்டு விற்கப்படும் புதிய பொருள்களில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கும். பயன்படுத்திய பொருளுக்கு அத்தகைய விலை இல்லை. ஒரே நாளில் வாங்கிய ஒரே வகை மடிக்கணினிகள் இரண்டு, மூன்றாண்டுகளுக்குப் பின் ஒரே மதிப்புடையனவாக இருப்பதில்லை. ஒன்றின் மின்கலம் தளர்ந்திருக்கும். மற்றொன்று புதியது போன்றே இயங்கும். ஆகவே, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே விலை காணவேண்டியுள்ளது. அவ்விலையைக் காணும் வழியே பேரம்.

பேரம் படியும் இடம்

மடிக்கணினி ஒன்றை விற்பவர் 18,000 ரூபாய் என அறிவிக்கிறார் எனக் கொள்வோம். 13,000 ரூபாய்க்குக் கீழ் கொடுப்பதில்லை என்பது அவர் மனத்தில் உள்ள முடிவு. வாங்குபவர் 11,000 ரூபாய்க்குக் கேட்கிறார். 15,000 வரை கொடுக்கலாம் என்பது அவர் உட்கிடக்கை. 13,000 முதல் 15,000 வரையுள்ள இடைவெளியே பேரம் படியும் இடமாகும். ஒருவர் எல்லையை மற்றவர் அறியாமையால் இருவரும் படிப்படியாக நெருங்கி வருகின்றனர்.

மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டால் கைகளை மறைத்து, விரல்களைத் தொட்டு விலை பேசும் வழக்கம் உண்டு. சூழ நிற்போர் அத்தொகையை அறியார். இணையத்தில் இருவருக்கிடையே நிகழும் குறுஞ்செய்தி உரையாடலும் அத்துண்டைப் போன்றதே. முந்தைய மாடு என்ன விலைக்குப் போனது என்பது அங்கே மறைவது போல, முந்தைய பேரம் எங்கே முடிந்தது என்பது இங்கும் மறைந்துவிடுகிறது.

இந்நிலையில் முதலில் சொல்லப்படும் தொகை மனத்தைப் பெரிதும் ஈர்க்கிறது. ஆமோஸ் டிவர்ஸ்கி, டேனியல் கானமன் ஆகிய உளவியல் அறிஞர்கள் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை விளக்கினர். அவர்கள் எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுழற்றிக் காட்டியபின், ஐக்கிய நாடுகள் அவையில் ஆப்பிரிக்க நாடுகளின் விழுக்காடு என்ன என்று வினவினர். சக்கரத்தில் 10 என்னும் எண்ணைக் கண்டோரின் மதிப்பீட்டு இடைநிலை 25. 65 என்னும் எண்ணைக் கண்டோரின் மதிப்பீட்டு இடைநிலை 45. வினாவோடு தொடர்பில்லாத எண்ணே மதிப்பீட்டை இழுத்துவிட்டது. எனவே, விற்பவர் சொல்லும் விலையிலிருந்து கணக்கிடத் தொடங்காமல், அதே வகைப் பொருள்கள் பிற அறிவிப்புகளில் என்ன விலைக்கு உள்ளன என முன்னரே அறிந்துகொள்வது நன்று.

நல்ல பொருள் விலகும் சந்தை

மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களிலும் பேரம் நடைபெறுகிறது. அங்கே வாங்குபவர் கல்லைத் தொட்டுப் பார்க்கலாம், உளியின் வேலைப்பாட்டை உற்று நோக்கலாம், செதுக்கியவரிடமே கேட்கலாம். இணையப் பேரத்தில் இவை யாவும் இல்லை. பொருளின் குறை விற்பவருக்கு மட்டுமே தெரியும்.

இதனால் விளையும் கேட்டை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப், பழைய மகிழுந்துச் சந்தையைச் சான்றாகக் கொண்டு 1970இல் விளக்கினார். இத்தகைய ஆய்வுக்காக 2001ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவரது கருத்தைக் கைப்பேசிக்குப் பொருத்திப் பார்க்கலாம். சந்தையில் உள்ளவற்றில் பாதி 10,000 ரூபாய் பெறும் நல்லவை. பாதி 4,000 ரூபாய் பெறும் பழுதுற்றவை. வேறுபாடு அறியாத வாங்குபவர், சராசரியாக 7,000 ரூபாய்க்கு மேல் தரத் துணியார். நல்ல கைப்பேசியை உடையவருக்கு அது கட்டுப்படியாகாது. அவர் சந்தையை விட்டு விலகுவார். எஞ்சுபவை பெரும்பாலும் பழுதுற்றவையே. இதனை உணர்ந்தவர் இன்னும் குறைத்துக் கேட்பார். பொய் சொல்லும் ஒருவரால் மெய் சொல்லும் பலர் இழப்பெய்துகின்றனர். குறைந்த பணத்தில் நல்ல மடிக்கணினி தேடும் மாணவருக்கே அவ்விழப்பு இறுதியில் சென்று சேர்கிறது.

பல்லுக்கு ஈடான சான்றுகள்

பல்லைப் பார்க்க இயலாத சந்தையில் அதற்கு ஈடான சான்றுகளைக் கேட்டுப் பெறவேண்டும். வாங்கிய இரசீது பொருளின் வயதையும் உரிமையையும் காட்டும். கைப்பேசியில் *#06# என அழுத்தினால் தோன்றும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் கொண்டு, அது திருட்டுப்போனதாகத் தடைசெய்யப்பட்டதா என்பதை நடுவண் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அறியலாம். உரிமையில்லாதவரிடம் வாங்கியவருக்குப் பொதுவாக உரிமை கிட்டாது என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் கூறும் நெறி. இருசக்கர வாகனமாயின் பதிவுச் சான்றிதழில் பெயர் மாற்றுவது கட்டாயம்.

பொருளை நேரில் இயக்கிப் பார்த்தபின்பே பணம் தரவேண்டும். சந்திக்கும் இடம் மக்கள் நடமாட்டம் மிகுந்ததாக இருத்தல் வேண்டும். விற்பவரும் ஏமாற்றப்படுவதுண்டு. பணம் அனுப்புவதாகக் கூறி யுபிஐ இரகசிய எண்ணை இடச் சொல்வது பரவலான மோசடி. பணம் பெறுவதற்கு அவ்வெண் தேவையில்லை. அதனை இட்டால் பணம் வெளியேறும். ஏமாந்தவர் காலந்தாழ்த்தாது 1930 என்னும் உதவி எண்ணில் புகார் அளிக்கவேண்டும்.

அடிமாட்டு விலையும் அறவிலையும்

உழைக்க இயலாத மாட்டை இறைச்சிக்கு விற்கும் விலையே அடிமாட்டு விலை. இன்று அச்சொல், விற்பவரின் நெருக்கடியைப் பயன்படுத்தி அடித்துக் கேட்கும் விலையைக் குறிக்கிறது. வேலையிழந்து ஒரு வாரத்தில் ஊர் திரும்பவேண்டியவர், அறிவிப்பில் ‘உடனடி விற்பனை’ என எழுதுகிறார். அச்சொற்களைக் கண்டு விலையைப் பாதியாக்குவது பொருளின் மதிப்பை அளப்பதன்று. மனிதரின் துன்பத்தை அளப்பது.

பட்டினப்பாலை, புகார் நகர வணிகரின் நடுவுநிலை நெஞ்சைப் போற்றுகிறது. அந்நெறி இணையச் சந்தைக்கும் பொருந்தும். விற்பவர் குறையை மறைக்காமல் படத்திலேயே காட்டுவதும், வாங்குபவர் உண்மையான குறைக்கு மட்டும் விலை குறைப்பதும் அந்நெறியின் பாற்பட்டவை. குறுஞ்செய்தியில் ஒப்பிய விலையை, வீட்டு வாசலில் வந்து நின்று காரணமின்றிக் குறைப்பது பேரமன்று, சொல் தவறுதல். முன்பு சொல்லப்படாத பழுது கண்டால் மீண்டும் பேசலாம். இல்லையேல் ஒப்பிய தொகையைக் கொடுத்துப் பொருளைப் பெற்றுச் செல்லவேண்டும். முன்பின் அறியாத இருவர் சொன்ன சொல்லில் நிற்கும்போதுதான், நல்ல பொருளை உடையவர் அடுத்த முறையும் அச்சந்தைக்கு வருவார்.