நாற்று ஏன் சாய்கிறது?

நாறுதல் என்னும் சொல்லுக்குத் தோன்றுதல், முளைத்தல் என்பன பழைய பொருள்கள். நன்மணம் வீசுதலும் அச்சொல்லின் பொருளாயிருந்தது. இன்று அது தீநாற்றம் ஒன்றற்கே உரியதாய்ச் சுருங்கிவிட்டது. முளைத்தற் பொருளை இன்னும் கைவிடாது காத்து நிற்பது நாற்று என்னும் சொல். ஆயின் நகரத்து வீடுகளில் யன்னல் விளிம்பிலே வரிசையாய் வைக்கப்பட்டிருக்கும் யோகட் கோப்பைகளை எட்டிப் பார்ப்போர்க்கு ஒரு வேடிக்கை புலனாகும். பழைய பொருளில் நாறிய பயிர், நாலைந்து நாளிலே புதிய பொருளில் நாறிக் கிடக்கும்.

மண்ணைத் தொட்டறியாதவர் பலர் விதை தூவத் தொடங்கிய காலம் ஒன்று அண்மையில் வந்தது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. அவ்வாண்டு நவம்பரில் அது நீங்கிற்று. ஆயினும் விளைச்சல் வீழ்ந்தது. அடுத்த ஆண்டில் விலைகள் விண்ணைத் தொட்டன. அரசாங்க ஊழியர் வீட்டுத்தோட்டஞ் செய்தற்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை பெறலாம் என 2022 யூன் மாதத்தில் அமைச்சரவை இசைந்தது. வளவுள்ளவர் வளவிலே விதைத்தனர். வளவில்லாத தொடர்மாடிவாசிகள் விறாந்தையிலும் சமையலறை யன்னலிலும் விதைத்தனர். அன்று தொடங்கி இன்றும் விடாது செய்வோர் உளர். மனமுடைந்து விட்டவரே பெரும்பாலர்.

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றிலே வாழும் இளம் ஆசிரியை ஒருவர் மூன்று முறை மிளகாய் விதைத்து, மூன்று முறையும் இழந்தவர். மாதச் சம்பளத்திலே எண்ணி எண்ணிச் செலவு செய்யும் குடும்பம். விதைப் பொட்டலமும் அவருக்கு ஒரு செலவுதான். "என்ரை கைக்கு இராசி இல்லை, ஐயா" என்றார். கைராசி என்பது, காரணம் தெரியாத இடத்தை நிரப்புதற்கு நாம் வைத்திருக்கும் சொல். நாவூறும் அத்தகையதே. செத்த நாற்றோ தன் காரணத்தைத் தன்மேலேயே எழுதி வைத்துவிட்டுச் சாகிறது. அதனைக் குப்பையில் எறியுமுன் ஒருமுறை வாசித்தல் வேண்டும்.

அவர் கொண்டுவந்து காட்டிய கோப்பையிலே இலைகள் பசுமை மாறாதிருந்தன. தண்டு மாத்திரம் மண்ணைத் தொடுமிடத்தில் நீர் ஊறி, நூல்போல் இளைத்து, மடிந்து கிடந்தது. மாலையில் நின்ற நாற்று காலையில் வீழ்ந்திருக்கும். ஒன்று வீழ்ந்தால் அதனைச் சூழ நின்றவையும் வட்டமாய் வீழும். நாற்றழுகல் என்னும் நோய் இது. பித்தியம், ரைசொக்டோனியா முதலிய நுண்ணுயிர்கள் மண்ணில் இருந்து இதனைச் செய்வன. அவற்றுள் பித்தியத்தின் வித்திகள் நீரிலே நீந்திச் செல்ல வல்லன. எனவே, மண்ணில் நீர் தேங்க நிற்பது அப்பகைவனுக்குத் தோணி விடுவதாகும். வீழ்ந்த நாற்றை எழுப்ப மருந்து இல்லை. எஞ்சியவற்றைக் காக்கலாம், அடுத்த விதைப்பைக் காக்கலாம்.

காக்கும் வழி நம் கமக்காரர் அறிந்ததே. நாற்றுமேடையிலே வைக்கோலையும் உமியையும் பரப்பி எரித்துவிட்டு விதைக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. சூட்டினால் மேல்மண்ணிலுள்ள கிருமி சாகும். மூன்றாம் மாடியில் வைக்கோல் எரித்தால் அயலார் சும்மா இரார். அங்கே கொதிநீரை மண்ணில் ஊற்றி, வடியவிட்டு, நன்கு ஆறியபின் விதைக்கலாம். கோப்பையின் அடியில் நாலைந்து துளைகள் வேண்டும். ஒரு கோப்பைக்கு இரண்டு மூன்று விதை போதும். பிடி பிடியாய்த் தூவுதல் நெருக்கத்தையே விதைத்தலாகும். விதையை மூடிய பொலித்தீனை முளை கண்ட அன்றே நீக்கிவிடல் வேண்டும். நீரை மேலிருந்து ஊற்றாது, நீருள்ள தட்டிலே கோப்பையைச் சிறிது நேரம் வைத்து எடுத்தால், வேர் குடிக்கும், கழுத்து நனையாது. பின்னர் மேல்மண் உலரும்வரை தொடாதிருத்தலே பெருந்தொண்டு. மண்ணிலிருந்து சிறு கருநிற ஈக்கள் எழுந்து பறந்தாலும் ஈரம் மிகுந்தது என்றே கொள்க.

உழவு அதிகாரத்திலே திருவள்ளுவர் நீரினும் காவலை மேலாக வைத்தார். அங்கே காவல் ஆடு மாடு முதலியவற்றுக்கு எதிரானது. வீட்டினுள் வளர்ப்போர் காவல் செய்யவேண்டியது தம் கையிலுள்ள செம்புக்கு எதிராக. அன்பு மிகுந்தவர் காலையும் மாலையும் ஊற்றுவர். அலுவலால் மறந்தவர் வீட்டு நாற்றோ பிழைத்திருக்கும். இவ்வநீதியைக் கண்டே கைராசிக் கதை பிறந்ததோ என ஐயுறுகிறேன். ஆசிரியையின் நான்காம் விதைப்பில் பதினொரு நாற்றுக்கள் தேறின.

தேறியவற்றுக்கும் வேறோர் இடர் வந்தது. அவை வெளிறி, நெடுநெடென்று வளர்ந்து, யன்னற் பக்கமாய்க் கழுத்தை நீட்டின. "நல்லாய் வளருது" என்று வீட்டார் மகிழ்ந்தனராம். அது வளர்ச்சியன்று, தேட்டம். சார்ள்ஸ் டார்வினும் மகன் பிரான்சிசும் புல் நாற்றுக்களின் நுனிக்கு ஒளிபுகாத் தொப்பி அணிவித்துப் பார்த்தனர். தொப்பி அணிந்தவை ஒளியை நோக்கி வளையவில்லை. நுனியே ஒளியை உணர்கிறது என்று 1880இல் வெளியிட்டனர். நுனியிலிருந்து கீழிறங்கும் பொருள் ஒன்று அவ்வளைவைச் செய்தலை 1920களின் பிற்பகுதியில் ஒல்லாந்தரான வெண்ட் காட்டினார். ஒட்சின் என்பது அதன் பெயர். நிழற்பக்கத்தில் அது மிகுதியாய்ச் சேர, அப்பக்கம் கூடுதலாய் நீளத் தண்டு வளையும். எங்கும் ஒளி குறைந்தவிடத்து, விதை தந்த சேமிப்பை எல்லாம் நாற்று நீளுதற்கே செலவிடும்; தண்டு பருக்க ஒன்றும் மிஞ்சாது.

அறையிலே நல்ல வெளிச்சம் இருக்கிறதே என்பார்க்கு ஒரு கணக்குச் சொல்வேன். நண்பகல் வெயிலின் ஒளி ஏறக்குறைய 100,000 லக்ஸ். யன்னலுக்குச் சில அடி உள்ளே அது பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். நம் கண் இருளுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்வதால் இவ்வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. முளை கண்டதும் கோப்பை யன்னலருகோ விறாந்தைக்கோ போதல் வேண்டும். முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம். நாளுக்கு நாள் சிறிது கூட்டுக. நிழலில் வளர்ந்ததைத் திடீரென உச்சி வெயிலில் வைத்தால் இலை வெந்து வெளுக்கும். நெடிதாய் வளர்ந்த தக்காளி நாற்றை மாத்திரம் வித்திலைவரை மண்ணிற் புதைத்து நடலாம். அதன் தண்டு வேர் விடும்.

முளையாமலே போகும் விதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செத்தல் மிளகாயிலிருந்து எடுத்த விதை சில வேளை முளைக்கும், பல வேளை முளையாது. பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து பார்த்தாற் பத்து நாளில் விடை கிடைக்கும்.

தும்புத்தூள் பற்றி ஒன்று கூறல் வேண்டும். மட்டையைக் கடலோர உவர்நீரில் ஊறவைத்துப் பெற்ற தூளிலே உப்பு இருத்தல் கூடும். இலைநுனி கருகுதல் அதன் அடையாளம். இரண்டு மூன்று முறை நன்னீரில் அலசிப் பிழிந்தபின் பயன்படுத்துக. அதிலே நாற்றுக்கு உணவும் அரிது. வித்திலைக்குப் பின் வரும் இலைகள் மஞ்சளித்தால் மக்கிய கூட்டெரு கலந்த மண்ணுக்கு மாற்றவேண்டும். வித்திலைகள் தாமே பின்னர் மஞ்சளித்து உதிர்தல் நோயன்று. சேமிப்புத் தீர்ந்த பை அவை.

ஐந்தாறு இலை விட்ட நாற்றை மாலை நேரத்திலே, வேரோடு ஒட்டிய மண் உதிராமல், பெரிய சட்டிக்கு மாற்றுக. முதல் இரண்டு மூன்று நாள் நண்பகலில் மறைப்பு வேண்டும். ஊரிலே ஓலை குத்துவோம். தொடர்மாடியில் ஓலைக்கு எங்கே போவது? செய்தித்தாளொன்றைச் சாய்த்து வைத்தாற் போதும். இந்த அனுபந்தமே ஆனாலும் குற்றமில்லை, வாசித்தபின்.