சீனத்தில் ஒரு சிவன் கோயில்

செங்கிசுக் கான் 1206-இல் நிறுவிய மங்கோலியப் பேரரசு, அவன் பேரனாகிய குப்ளாய் கானின் காலத்தில், 1279-இல், சீனம் முழுவதையும் அடிப்படுத்தியது. நகர்களை எரித்துக் குருதி பெருக்கிய அம்மரபினரே பின்னர் வாணிகர்க்கு வழி திறந்தனர் என்பது வியப்பன்றோ!

சீனத்தின் தென்கிழக்குக் கரையில் சுவான்சௌ என்னும் துறைமுகம் உளது. அங்கே தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. சிவன்மலையை நாள்தோறும் கண்டும், கடலைக் காண நெடுந்தொலைவு சென்றாகவேண்டிய காங்கேயத்து மாணவர்காள்! அக்கல் கூறுவதைக் கேண்மின். சக ஆண்டு 1203, சித்திரைத் திங்களில், அஃதாவது கி.பி. 1281-இல், சம்பந்தப்பெருமாள் என்னும் தமிழர், கானின் திருமேனி நலம்பெறும் பொருட்டு, அவன் ஆணை பெற்று, ஆங்குச் சிவபெருமானை எழுந்தருளுவித்தார். அக்கான் குப்ளாயே என்பர் அறிஞர். தமிழ் வரிகளின் கீழே சீன எழுத்து வரியொன்றும் காணப்படுகின்றது. மன்னனோ வேற்றினத்தான், வேற்றுச் சமயத்தான். இவ்வாழ்த்தில் வாணிகர் நலமும் கலந்திருக்கலாம், அதிற் பிழையொன்றுமில்லை.

குப்ளாய் 1294-இல் மறைந்தான். பதினான்காம் நூற்றாண்டின் இடையே அந்நகரிற் கலகம் மூண்டு, அயல்நாட்டார் பலர் மாண்டனர். 1368-இல் ஆட்சி எய்திய மிங் மரபினர், தனியார் கடல் வாணிகத்தைத் தடுத்தனர். சம்பந்தப்பெருமாள் கண்ட கோயில் இன்று இல்லை. எனினும், நரசிங்கமும் கண்ணனும் செதுக்கப்பெற்ற தூண்கள், அந்நகரத்துக் கையுவான் புத்தர் கோயிலில், சீனத் தச்சர் வேய்ந்த கூரையைத் தாங்கி நிற்கின்றன.