டவர் இல்லாத இடத்தில்

பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு போன் செய்தாலும் சிக்னல் டவர் வரை போய்த்தான் திரும்புகிறது. டவர் சாய்ந்தால் இரண்டு போனும் ஊமை. போர்முனையில் டவர் நட முடியாது என்பதால், அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு அமைப்பான டார்ப்பா 1973-லேயே, தகவலைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்பும் ‘பாக்கெட் ரேடியோ’ ஆராய்ச்சியில் இறங்கியது. அந்த வழியில் வந்ததுதான் ‘ஆட் ஹாக்’ வலையமைப்பு. இதில் ஒவ்வொரு கருவியும் தபால்காரர் வேலையும் பார்க்கும்.

செய்தியை அனுப்புவது சுலபம். யார் வழியாக அனுப்புவது? எல்லாருமே நகர்ந்துகொண்டிருந்தால், போட்டுவைத்த வரைபடம் சில நொடிகளில் பழசாகிவிடும். சார்லஸ் பெர்க்கின்ஸும் எலிசபெத் ராயரும் 1999-ல் விவரித்த ‘ஏஓடிவி’ முறை வரைபடமே வேண்டாம் என்கிறது. தேவைப்படும்போது கேட்டுக்கொள்ளலாம்.

‘குமரனுக்கு வழி தெரியுமா?’ என்று ஒரு கருவி கேட்கிறது. அது காதில் விழுந்த கருவிகள் எல்லாம் அதையே திருப்பிக் கேட்கின்றன. கேள்விக்கு ஓர் எண் உண்டு. அதே எண் மறுபடி வந்தால் கண்டுகொள்வதில்லை. இல்லாவிட்டால் ஒரே கேள்வி ஊரையே சுற்றிக்கொண்டிருக்கும். யாரிடமிருந்து முதலில் கேட்டோம் என்பதை மட்டும் ஒவ்வொன்றும் குறித்துக்கொள்ளும். கேள்வி குமரனை எட்டியதும், அந்தக் குறிப்புகளைப் பிடித்தபடியே பதில் பின்னோக்கி வந்து சேர்கிறது. முழுப் பாதை எந்தக் கருவிக்கும் தெரியாது. அடுத்த கை எது என்பது தெரிந்தால் போதும். அந்தக் கை நொடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று குரல் கொடுக்க வேண்டும். இரண்டு நொடி சத்தமில்லை என்றால் ஆள் போய்விட்டதாகக் கணக்கு. அந்தத் தகவல், செய்தி அனுப்பியவருக்குப் போகும்; தேடல் மறுபடி தொடங்கும்.

அப்படியானால் டவர்களையே தூக்கிவிடலாமே? முடியாது. காற்று எல்லாருக்கும் பொது. ஒருவர் பேசும்போது அருகிலிருப்பவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பியூஷ் குப்தாவும், சென்னை ஐஐடியில் படித்த பி.ஆர்.குமாரும் 2000-ல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: கருவிகள் நூறு மடங்கானால், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு மீட்புக் குழுவுக்குச் சரி, மாநகரத்துக்குச் சரிப்படாது.

அவசரமில்லை என்றால் கதை வேறு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தினர் 2004-ல் கென்யாவில் வரிக்குதிரைகளின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டைகளை மாட்டினார்கள். இரண்டு குதிரைகள் நெருங்கினால், பட்டைகள் தங்களுக்குள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும். ஆய்வாளர் ஜீப்பில் ஒரு குதிரையை நெருங்கினாலே, கண்ணில் படாத குதிரைகளின் பதிவும் சேர்ந்து வந்துவிடும்.