அழிந்த அரசுகளின் அழியாத முத்திரைகள்

ஆங்கிலம் பயிலும் மாணவர் ஒருவர் பழைய ஜேர்மன் கைத்துப்பாக்கி ஒன்றைக் காண நேர்ந்தால், அதன் பக்கத்தில் 'றஸ்ற்' என வாசிக்கத்தக்க நான்கு உரோம எழுத்துக்கள் வெட்டப்பட்டிருத்தலைக் கண்டு வியப்படையக் கூடும். இரும்பின்மேல் 'துரு' என்று எழுதிவைப்பாரும் உளரோ என அவர் எண்ணலாம். ஆனால் அச்சொல் ஆங்கிலமன்று. ஒல்லாந்த மொழிச் சொல். 'ஓய்வு' என்பது அதன் பொருள். துப்பாக்கி தவறுதலாக வெடியாதிருக்கக் காப்பு நெம்பை எத்திசையிற் தள்ளவேண்டும் என்பதைக் காட்டும் குறியே அது. இன்று இந்தோனேசியா எனப்படும் நாட்டை அன்று ஆண்ட ஒல்லாந்தர், தம் கிழக்கிந்தியப் படைக்கென ஜேர்மனியில் இருந்து வருவித்த துப்பாக்கி அது.

இவ்வாறு பிறநாடுகளுக்கென ஜேர்மனியிற் செய்யப்பட்ட அரைத் தன்னியக்கக் கைத்துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்போர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் உளர். அவர்கள் தேடுவது இரும்பை மாத்திரமன்று. அவ்விரும்பின்மேற் பொறிக்கப்பட்ட சின்னஞ்சிறு முத்திரைகளையே முதன்மையாகத் தேடுகின்றனர். அதற்குக் காரணம் உண்டு.

மடங்கும் முழங்கால்

அரைத் தன்னியக்கத் துப்பாக்கியில் ஒவ்வொரு சூட்டுக்கும் விசையை ஒருமுறை அழுத்தவேண்டும். வெற்றுக் கோதை வெளியே தள்ளுதலையும், அடுத்த ரவையைக் குழலில் ஏற்றுதலையும் துப்பாக்கி தானே செய்துகொள்ளும். இவ்வகையில் வெற்றிகரமாக விற்பனைக்கு வந்த முன்னோடிகளுள் ஒன்று, ஹியூகோ போர்க்கார்ட் என்பவர் அமைத்து, 1893 இல் பேர்லினில் லுட்விக் லோவே தொழிற்சாலையில் உருவான துப்பாக்கியாகும். மனிதனின் முழங்காலைப் போன்று மடங்கி நிமிரும் மூட்டு ஒன்று அதில் இருந்தது. வெடியின் பின்னுதைப்பினால் அம்மூட்டு மேல்நோக்கி மடங்கும். சுருள்வில் அதனை மீண்டும் நிமிர்த்தும். அமைப்பு நுட்பமானதெனினும் துப்பாக்கி பருத்து, கைக்கு அடங்காததாய் இருந்தது. ஏறக்குறைய 3,000 மாத்திரமே செய்யப்பட்டன.

அதனைத் திருத்தி அழகிய வடிவம் தந்தவர் ஒஸ்திரியாவிற் பிறந்த கேயோக் லூகர். அவர் அமைத்த துப்பாக்கியைத் தன் படைக்கென முதலில் ஏற்றுக்கொண்ட நாடு ஜேர்மனியன்று, சுவிற்சர்லாந்து! அது 1900 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ஜேர்மன் தரைப்படை அதனை ஏற்றது 1908 இலேயே. ஆகவே இத்துப்பாக்கியின் முதல் எட்டாண்டு வரலாறு பெரிதும் பிறநாட்டார்க்கு விற்ற வரலாறேயாகும். சுவிற்சர்லாந்துக்குச் சென்றவற்றிற் கதிர்களிடையே சிலுவையும், பல்கேரியாவுக்குச் சென்றவற்றிற் சிங்கமும், அமெரிக்காவுக்குச் சென்றவற்றிற் சிறகு விரித்த கழுகும் பொறிக்கப்பட்டன.

முடியும் நங்கூரமும்

இம்முத்திரைகளுட் போர்த்துக்கல்லின் கதை உள்ளத்தைத் தொடுவது. 1908 பெப்ரவரி 1 ஆந் திகதி லிஸ்பன் நகரில் மன்னர் கார்லோசும் பட்டத்து இளவரசரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினெட்டு வயதே நிரம்பிய இளைய மைந்தர் மனுவேல் அரியணை ஏறினார். அவர் காலத்திலே தரைப்படைக்கென ஏறக்குறைய 5,000 லூகர்கள் வருவிக்கப்பட்டன. அவற்றின்மேல், மணிமுடியின் கீழ் மன்னரின் பெயர் முதலெழுத்தும், அப்பெயருடைய இரண்டாம் மன்னர் அவர் என்பதைக் காட்டும் 2 என்ற இலக்கமும் பின்னிக் கிடக்கின்றன. கடற்படைத் துப்பாக்கிகளில் நங்கூரமும் அதன்மேல் முடியும் இருந்தன.

ஆயின் 1910 ஒக்டோபர் 5 இற் குடியரசு பிரகடனஞ் செய்யப்பட்டது. இளமன்னர் நாடு நீங்கி இங்கிலாந்தில் வாழ்ந்து 1932 இற் காலமானார். அதன் பின்னர்க் கடற்படைக்கு வந்த துப்பாக்கிகளில் நங்கூரம் அப்படியே இருந்தது. அதன்மேலிருந்த முடியைக் காணோம். குடியரசைக் குறிக்கும் இரண்டு எழுத்துக்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. ஓர் அரசின் வீழ்ச்சியை ஒரு விரலகல இரும்பில் வாசித்தறியலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

போர்த்துக்கல் தனித்த உதாரணமன்று. ஓபெர்ண்டோர்ப் நகரின் மௌசர் தொழிற்சாலை 1898 அளவிற் துருக்கிக்கு 1,000 கைத்துப்பாக்கிகளை அனுப்பியது. அவற்றிற் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் சின்னம் பொறிக்கப்பட்டிருந்தது. அவர் 1909 இல் அரியணையிழந்தார். 1922 இற் சுல்தான் பதவியே ஒழிந்தது. 1930 களில் அதே மௌசர் பாரசீகத்துக்குச் செய்த லூகர்களில் சிங்கமும் சூரியனும் விளங்கின. இலக்கங்கள் யாவும் பாரசீக எண்களே. 1979 ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் அச்சின்னமும் அரச கொடியிலிருந்து நீங்கிற்று.

உடன்படிக்கையின் தழும்பு

முதலாம் உலகப் போரில் தோற்ற ஜேர்மனி ஆயுதங்களை ஏற்றுமதி செய்தலை 1919 ஆம் ஆண்டு வேர்செயில்ஸ் உடன்படிக்கை தடுத்தது. ஆயினும் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியப் படைக்கு மேலும் லூகர்கள் தேவைப்பட்டன. அதனால் 1920 களின் தொடக்கத்தில் அப்படைக்குச் சென்ற ஏறக்குறைய 6,000 துப்பாக்கிகளில் 'விக்கேர்ஸ்' என்னும் ஆங்கில நிறுவனத்தின் பெயர் காணப்படுகின்றது. உறுப்புக்கள் பேர்லினிற் செய்யப்பட்டு, இங்கிலாந்திற் பூட்டி முடிக்கப்பட்டன என்பது ஆய்வாளர் கருத்து. சட்டத்தின் கதவு மூடப்பட, வணிகம் பலகணி வழியாகப் புகுந்தது!

மெய்யும் போலியும்

முத்திரைக்கு விலை உண்டானவுடன் போலி முத்திரையும் உண்டாயிற்று. ஆகவே நற்சேகரிப்பாளர் நீதிபதியைப் போன்று சான்றுகளை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். லூகரின் சிற்றுறுப்புக்களிலும் தொடரிலக்கத்தின் இறுதி இரண்டு எண்கள் வெட்டப்பட்டிருக்கும். அவை யாவும் பொருந்துகின்றனவா என்பது முதற் சோதனை. நீலமெருகு ஏறிய பின் அடிக்கப்பட்ட எழுத்தின் விளிம்பில் உலோகம் சிறிது பிதுங்கி ஒளிரும். பிற்காலத்தில் தேய்த்து மறுமெருகு ஏற்றினால் அவ்வொளி மறையும். எழுத்தின் கூர்மையும் மழுங்கும்.

சிலவேளை ஒரு குறி இல்லாமையே சான்றாகும். 1901 இல் அமெரிக்க இராணுவம் சோதனைக்கென 1,000 லூகர்களை வாங்கிற்று. கடைகளில் விற்ற துப்பாக்கிகளிலும் அதே கழுகு உண்டு. எனினும் இராணுவம் வாங்கியவற்றில் வணிகத் துப்பாக்கிகளுக்குரிய ஜேர்மன் பரிசோதனை முத்திரைகள் இல்லை. அருமையின் விலைக்கு ஓர் உதாரணம்: 1907 ஆம் ஆண்டு அமெரிக்கச் சோதனைக்காக 45 கலிபர் அளவில் மிகச் சில லூகர்கள் உருவாயின. அவற்றுள் 2 என்ற இலக்கமுடைய ஒன்று 2010 இல் ஏறக்குறைய 5 இலட்சம் டொலருக்கு ஏலம்போயிற்று.

இங்கு மாணவர் மனங்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. பழம்பொருளைப் 'புதிதாக்கும்' ஆர்வம் பெருந்தீங்கு விளைப்பது. கோயிற் கல்வெட்டின்மேற் சுண்ணம் பூசுவோன் எழுத்தை மறைக்கிறான். பழந்துப்பாக்கியைத் தேய்த்து மெருகூட்டுவோன் எழுத்தையே அழிக்கிறான். போலி முத்திரை இடுவோனோ பொய்ச்சாட்சி சொல்கிறான்.

கொலைக் கருவியைப் போற்றுதல் தகுமோ என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. லூகருக்குப் 'பரபெல்லம்' என்றும் ஒரு பெயருண்டு. அமைதியை விரும்புவோர் போருக்கு ஆயத்தமாகவேண்டும் என்னும் இலத்தீன் முதுமொழியிலிருந்து பிறந்தது அது. அதனை நம்பி வாங்கிய மன்னர்களுக்கு அத்துப்பாக்கிகள் அரியணையைக் காத்துத் தரவில்லை. ஆராய்வோர் கையில் இன்று அவை ஆயுதமல்ல, ஆவணம். ஒல்லாந்தர் பொறித்த அச்சொல்லின் பொருளும் இப்போதுதான் முற்றாக நிறைவேறியிருக்கின்றது: ஓய்வு.